கிளிப்பிள்ளைப் பேச்சா, பிள்ளையின் பேச்சா?

குழந்தை இன்னும் பேசவில்லையே என்று ஏங்கும் பெற்றோர் உண்டு. பேசுகிறது, ஆனால் சொன்னதையே திருப்பிச் சொல்கிறதே என்று கலங்கும் பெற்றோரும் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இவ்விரண்டு கவலையும் பழக்கமானவை. "தண்ணீர் வேண்டுமா?" என்று தாய் கேட்டால், பிள்ளையும் அதே ராகத்தில் "தண்ணீர் வேண்டுமா?" என்கிறது. பார்ப்பவர்கள், "கிளிப்பிள்ளைபோல் சொல்கிறது, பொருள் தெரியவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே தாகமாக இருக்கலாம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய பிள்ளைகளிடம் பெரியவர்கள் எப்படிப் பேச வேண்டும்? மற்றப் பிள்ளைகளோடு அவர்களும் சேர்ந்து பாலர் பள்ளிக்கு வரும் இக்காலத்தில், ஆசிரியர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கு எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நிகழ்ந்தது. பிள்ளையைப் பேச வைப்பது எப்படி என்று தொடங்கிய தேடல், பெரியவர் தம் பேச்சைத் திருத்திக்கொள்வது எப்படி என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இடையில் பிள்ளைகளும் தாய்மார்களும் கொடுத்த விலை சிறிதன்று.

பதினொரு பிள்ளைகள்

லியோ கேனர் என்பவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர். 1943ஆம் ஆண்டு அவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் பரவலாக அறியப்படுவதற்கு அக்கட்டுரையே காரணமானது.

அந்த 11 பேரில் 8 பேருக்குப் பேச்சு வந்திருந்தது. 3 பேர் பேசவே இல்லை. பேசிய பிள்ளைகளும் கேட்ட வாசகத்தை அப்படியே திருப்பிச் சொல்வதைக் கேனர் கவனித்தார். 'எனக்கு' என்று வரவேண்டிய இடத்தில் 'உனக்கு' என்று வந்தது. 'ஆமாம்' என்று சொல்வதற்குப் பதிலாகக் கேள்வியையே திருப்பிச் சொன்னார்கள்.

கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் டோனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவன். குளிக்க ஆசைப்பட்டால், குளிக்கிறாயா என்று பெரியவர் கேட்பதுபோலவே அவன் கேட்பான். அந்த வாசகத்தை அவன் முதன்முதலில் கேட்டது அப்படித்தானே! பெரியவர் எந்த வடிவில் சொன்னாரோ அந்த வடிவிலேயே அவன் அதைச் சேமித்து வைத்திருந்தான்.

1946இல் கேனர் எழுதிய மற்றொரு கட்டுரை இன்னும் ஆழமானது. பொருளற்றவை என்று ஒதுக்கப்பட்ட வாசகங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு பிள்ளையின் சொந்த அனுபவமும் ஒளிந்திருப்பதை அதில் அவர் எடுத்துக்காட்டினார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், நாயை மேல்மாடத்திலிருந்து எறியாதே என்ற பொருளில் ஒரு வாசகத்தை அடிக்கடி சொல்வான். அங்கே நாயும் இல்லை, மேல்மாடமும் இல்லை. விசாரித்தபோது உண்மை தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்தபோது, அவன் தன் பொம்மை நாயைத் திரும்பத் திரும்பக் கீழே எறிந்திருக்கிறான். எடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன தாயார் கடிந்துகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எதையாவது எறியத் தோன்றினால், அந்த வாசகத்தைச் சொல்லித் தன்னைத்தானே அடக்கிக்கொள்வது அவனுக்கு வழக்கமாகிவிட்டது.

கதை தெரியாதவருக்கு அது பிதற்றல். தெரிந்தவருக்கோ அது ஒரு குழந்தையின் சுயக்கட்டுப்பாடு. பேச்சில் பொருள் இருந்தது. அதைத் தேடிச் செல்லும் பொறுமை கேட்பவருக்கு வேண்டியிருந்தது.

பழி சுமந்த தாய்மார்கள்

இந்தக் கண்டுபிடிப்பு பலன் தருவதற்குள் வரலாறு வேறு பக்கம் திரும்பியது. பிள்ளை பேசாததற்குப் பெற்றோரின் பாசமின்மையே காரணம் என்ற கருத்து 1950களிலும் 1960களிலும் ஓங்கி நின்றது. கேனரே அதற்கு இடம் கொடுத்தவர்தான். 1949இல் அவர் எழுதிய கட்டுரையில், இப்பிள்ளைகளின் குடும்பச் சூழலைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். 'குளிர்ப்பெட்டித் தாய்மார்' என்ற கொடிய பட்டம் நிலைபெற்றது. சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புருனோ பெட்டெல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை மேலும் பரப்பியது.

இதனால் விளைந்த கேடு என்ன? பிள்ளையிடம் ஒரு நாளில் அதிகம் பேசுபவர் தாய். அவன் வாசகம் எங்கிருந்து வந்தது என்று அறிந்தவரும் அவரே. அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியபோது, பிள்ளையின் பேச்சுக்கு இருந்த ஒரே அகராதியும் மூடப்பட்டது.

அந்தப் பழியை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்டு ரிம்லண்ட். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளவியலாளரான இவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. 1964இல் அவர் வெளியிட்ட நூல், ஆட்டிசம் உடலியல் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என்று வாதிட்டது. மறு ஆண்டே பெற்றோர் ஒன்றுகூடித் தேசியச் சங்கம் ஒன்றையும் அமைத்தனர்.

கட்டளையும் பரிசும்

அடுத்து எழுந்த வழி நேர்மாறானது. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐவர் லோவாஸ், காரணத்தை ஆராய்வதைவிடப் பழக்கத்தை மாற்றுவதே முக்கியம் என்றார். பிள்ளையும் பயிற்சியாளரும் எதிரெதிரே அமர்வர். பயிற்சியாளர் சுருக்கமாக ஒரு கட்டளை இடுவார். சரியாகச் செய்தால் உடனே ஒரு துண்டு உணவோ பாராட்டோ கிடைக்கும். இது நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை நடக்கும்.

அடியாத மாடு படியாது என்ற பழமொழி அந்த ஆய்வுக்கூடத்திலும் ஆட்சி செய்தது. 1960களில் அங்கே பிள்ளைகளை அதட்டினார்கள், அறைந்தார்கள். சில வேளைகளில் மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். 1965இல் 'லைஃப்' சஞ்சிகை இதைப் படங்களுடன் வெளியிட்டது.

1987இல் லோவாஸ் தம் முடிவுகளை அறிவித்தார். வாரம் 40 மணி நேரம் என இரண்டு ஆண்டுக்குமேல் பயிற்சி பெற்ற 19 சிறுவர்களில் 9 பேர் வழக்கமான முதல் வகுப்பை முடித்தார்கள் என்பதே அந்த அறிவிப்பு. இந்தப் பிள்ளைகளால் கற்க முடியாது என்று கைவிட்டிருந்த காலத்தில், பெற்றோருக்கு இது பெரும் நம்பிக்கையாக இருந்தது. எனினும் அந்த ஆய்வில் பிள்ளைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை என்பதும், தண்டனையும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது என்பதும் பின்னர் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின.

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. மேசையில் கற்ற சொல் பெரும்பாலும் மேசையிலேயே தங்கிவிட்டது. பயிற்சியாளர் கேட்டால் பதில் சொன்ன பிள்ளை, விளையாட்டுத் திடலில் தானாக வாய் திறக்கவில்லை. பதில் சொல்வது வேறு, பேசுவது வேறு என்பது புலனாயிற்று.

கன்சாஸ் நகரின் விளையாட்டு மூலை

அதற்கான மாற்று, ஆட்டிசத்தோடு தொடர்பில்லாத ஒரு பாலர் பள்ளியில் ஏற்கெனவே பிறந்திருந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் கன்சாஸ் நகரின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நிறம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைக் கற்பித்து வந்தனர். 1968இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. பாட நேரத்தில் சொற்களை ஒழுங்காகச் சொன்ன பிள்ளைகள், விளையாட்டு நேரத்தில் அவற்றைப் பயன்படுத்தவே இல்லை. ஒரு விளையாட்டுப் பொருளைக் கேட்கும்போது அதன் நிறத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கிடைக்கும் என்று ஆனபோது, அதே சொற்கள் தாமாகப் பெருகின.

இதிலிருந்து வளர்ந்த முறையை அவர்கள் 1975இல் விரிவாக விளக்கினார்கள். பிள்ளை அலமாரியிலுள்ள காரை நோக்கிக் கை நீட்டுகிறான். ஆசிரியை அருகே வந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சற்றுக் காத்திருக்கிறார். பேச்சு வரவில்லையானால் சிறு தூண்டுதல் தருகிறார். சொல் வந்ததும் கார் அவன் கைக்குப் போகிறது. பாடத்தைத் தொடங்கி வைப்பது பிள்ளையின் ஆசை. பரிசாகக் கிடைப்பது மிட்டாய் அன்று, கேட்ட பொருளே.

கேனர் இதைப் போன்ற ஒன்றை முன்பே கண்டிருந்தார். 1942இல் டோனால்டை அவன் பெற்றோர் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தனர். எதையும் அளந்து பார்க்கும் அவன் ஆசையைப் பயன்படுத்தி, கிணறு தோண்டி அதன் ஆழத்தைச் சொல்ல வைத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுகிறான் என்று கண்டதும், உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1945இல் அங்கே சென்ற கேனர், அவன் குதிரை பூட்டி உழுவதைக் கண்டு வியந்தார். அவனுடைய விநோதங்களை ஏற்றுக்கொண்ட ஒரு கிராமப் பள்ளியில் அவன் நன்றாகவும் படித்தான். பின்னாளில் கல்லூரிப் பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, 2023இல் 89 வயதில் காலமானார் டோனால்டு டிரிப்லெட். உளவியல் படிக்காத அந்தத் தம்பதி செய்தது ஒன்றே: அவன் எதைப் பார்த்தானோ, அதைப் பற்றியே அவனிடம் பேசினார்கள்.

ஒரே வகுப்பில்

1975இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. 1986இல் அவ்வுரிமை 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. 1990இல் ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஆட்டிசம் உள்ள சிறாரையும் மற்றச் சிறாரையும் ஒரே வகுப்பில் அமர்த்தும் முன்னோடிப் பாலர் பள்ளிகள் 1980களில் தோன்றின. பிட்ஸ்பர்க் நகரில் ஃபிலிப் ஸ்ட்ரெய்ன் தொடங்கிய 'லீப்' திட்டம் அவற்றுள் ஒன்று. 1985இல் கெயில் மெக்கீ மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கி, பின்னர் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்ற 'வால்டன்' பள்ளி மற்றொன்று. கன்சாஸ் முறை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக முழுமையாக வளர்க்கப்பட்டது வால்டனில்தான்.

ஸ்ட்ரெய்ன் மேலும் ஒரு படி சென்றார். பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் நட்பு வந்துவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, மற்றப் பிள்ளைகளுக்கே பயிற்சி அளித்தார். நண்பனின் கவனத்தை எப்படி ஈர்ப்பது, பொம்மையை எப்படிக் கொடுப்பது, எப்படிக் கேட்பது, விளையாட்டுக்கு எப்படி அழைப்பது என்று நான்கு வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். ஆசிரியையின் வேலையும் மாறியது. எல்லாப் பேச்சும் தம் வழியே போகாமல், பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையே பேச்சை ஓட விட்டு, விலகி நிற்கவும் அவர் பழக வேண்டியிருந்தது.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இத்திட்டத்தை 56 பாலர் வகுப்புகளில் சோதித்தது. 28 வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் அருகிலிருந்து பயிற்சி தரப்பட்டது. மற்ற 28 வகுப்புகளுக்குக் கையேடுகள் மட்டும் கொடுக்கப்பட்டன. பயிற்சி பெற்ற வகுப்புகளின் பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினர். பெரியவரின் பேச்சுப் பழக்கம் புத்தகம் படித்து மாறுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

எதிரொலிக்குக் கிடைத்த நீதி

இதே காலத்தில் எதிரொலிப் பேச்சுக்கும் விடிவு வந்தது. அதைத் தீய பழக்கமாகக் கருதி அடக்கிவந்த நேரத்தில், பேச்சுத்துறை ஆய்வாளர்களான பேரி பிரிசண்ட், ஜூடித் டுக்கான் இருவரும் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு சிறுவர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிரொலி வாசகங்களைக் காணொளியில் பதிவுசெய்து, குரல், பார்வை, உடலசைவு ஆகியவற்றோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏழு வகைப் பயன்கள் தெரியவந்தன. பிள்ளை ஆமாம் என்று சொல்வதும், ஒன்றைக் கேட்பதும், உரையாடலில் தன் முறை வந்ததை நிறைவேற்றுவதும், கேட்டதைப் புரிந்துகொள்ளத் தனக்குள் சொல்லிப் பார்ப்பதும் அவ்வகைகளில் அடங்கும். கேனர் 1946இல் உணர்த்தியது 35 ஆண்டுகளுக்குப் பிறகு அளந்து நிறுவப்பட்டது.

1990களில் பேட்ரிக் ரைடெல், பேட் மிரெண்டா இருவரும் மேற்கொண்ட ஆய்வுகள் கண்ணாடியைப் பெரியவர் பக்கம் திருப்பின. பெரியவர் கேள்வி, கட்டளை என்று உரையாடலைத் தம் பிடியில் வைத்துக்கொண்டபோது எதிரொலி கூடியது. பிள்ளை செய்வதையொட்டி இயல்பாகக் கருத்துச் சொன்னபோது அது குறைந்தது. 2002இல் மைக்கேல் சில்லர், மரியன் சிக்மன் வெளியிட்ட ஆய்வும் இதையே வலியுறுத்தியது. பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றிப் பெற்றோர் பேசிய குடும்பங்களில், பிள்ளைகளின் மொழி பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கூடுதலாக வளர்ந்திருந்தது.

இன்று ஆராய்ச்சியாளர்கள் பிள்ளையின் சட்டைப் பையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, பாலர் வகுப்பில் அவன் காதில் விழும் பெரியவர் பேச்சை நாள் முழுதும் எண்ணிப் பார்க்கிறார்கள். எனினும் எண்ணிக்கை ஒன்றே போதாது. "இது என்ன? அது என்ன நிறம்? இங்கே வா, உட்கார்" என்று நூறு வாசகம் பேசிய பிறகும் உரையாடல் தொடங்காமலே இருக்கலாம். "கார் ஓடுது... நின்னுபோச்சு!" என்ற ஒன்றில் அது தொடங்கிவிடலாம்.

ஆசிரியருக்கும் வீட்டாருக்கும்

இந்த நீண்ட அனுபவத்திலிருந்து திரண்ட வழிகள் எளியவை. தேர்வு வைப்பதுபோன்ற கேள்விகளைக் குறைப்பது. பிள்ளையின் கண் போகும் இடத்தைப் பார்த்து, அதைப் பற்றிச் சிறு வாக்கியத்தில் பேசுவது. பேசியபின் காத்திருப்பது, கேட்டதை உள்வாங்க அவனுக்கு நேரம் வேண்டும். அவன் எதிரொலித்தால் அதைப் பேச்சாகவே ஏற்று, அவன் சொல்லக்கூடிய வடிவில் வாசகத்தைத் தருவது. "தண்ணீர் வேண்டுமா?" என்று அவன் சொல்லும்போது, "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லியபடியே குவளையைக் கொடுத்தால், அடுத்த முறை சொல்ல அவனிடம் சரியான வாசகம் இருக்கும்.

குரல் வராத பிள்ளைக்கும் பேச்சு உண்டு. 1985இல் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கிய பட அட்டை முறையில், பிள்ளை தனக்கு வேண்டியதன் படத்தை எடுத்து மற்றவர் கையில் கொடுக்கிறான். அதுவும் உரையாடலே.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் இப்போது தங்கள் சார்பில் பேசுகிறார்கள். ஜிம் சின்க்ளேர் 1993இலேயே பெற்றோரை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆட்டிசம் உள்ளவரும் பிரிட்டிஷ் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதில், புரிந்துகொள்ளாமை இரு தரப்புக்கும் உரியது என்றார். பிள்ளைக்குப் பெரியவர் விளங்காததுபோல, பெரியவருக்கும் பிள்ளை விளங்கவில்லை. இதில் மாறிக்கொள்ளும் ஆற்றல் யாருக்கு அதிகம் என்று கேட்டால், விடை தெளிவு.

எந்த மொழியில்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்டிசச் சங்கங்கள் 1980களின் பின்பகுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு 'கிண்டில் கார்டன்' என்னும் பாலர் பள்ளி, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் நோக்கத்துடனேயே திறக்கப்பட்டது. வகுப்பறைக் கதவு மெல்லத் திறந்து வருகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனிக் கேள்வியும் உண்டு. இரண்டு மூன்று மொழிகள் புழங்கும் நாட்டில், ஆட்டிசம் உள்ள பிள்ளை குழம்பிவிடும் என்று அஞ்சி, வீட்டில் தமிழை நிறுத்திவிடுவோர் இருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஆலோசனை சொல்வோரும் இருக்கிறார்கள். கனடாவில் எரிக் ஃபோம்போன், கேத்தரின் ஹேம்ப்ளி இருவரும் 75 பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஒருமொழிப் பிள்ளைகளைவிடக் கூடுதலான மொழித் தாமதம் காணப்படவில்லை.

தாத்தாவும் பாட்டியும் சரளமாகப் பேசுவது தமிழ் என்றால், அதை நிறுத்தும் நாளில் பிள்ளையோடு பேசக்கூடியவர்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தில் கேள்வியும் கட்டளையும்தான் மிஞ்சும். கொஞ்சலும் கதையும் போய்விடும். தன் வாசகங்களை மற்றவரிடமிருந்து அப்படியே எடுத்துச் சேர்த்துவைக்கும் பிள்ளைக்கு, வீட்டார் இயல்பாகப் பேசும் மொழியே நிறைந்த களஞ்சியம்.

ஆகவே, பாலர் பள்ளியைத் தேடிப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் பாட அட்டவணையையும் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். வகுப்பில் அரைமணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, ஆசிரியை பிள்ளைகளிடம் என்ன பேசுகிறார், பேசிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கவனித்தால் போதும். அந்தக் காத்திருப்பில்தான் ஒரு பிள்ளையின் முதல் சொந்த வாசகத்துக்கு இடம் கிடைக்கிறது.